எல்லாத் தற்காப்புக் கலையும் போதிதர்மரிடம் இருந்தா வந்தது?

வெண்பட்டை:
ஆறு மாதமாகக் கராத்தே பழகுகிறேன். "இதெல்லாம் நம்ம போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனது, அங்கிருந்துதான் ஜப்பானுக்குப் போச்சு" என்று மாஸ்டர் வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நிஜமாகவே எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதானா?

கம்புக்காரன்:
இல்லை ப்ரோ. போதிதர்மர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் பயிற்சி கொடுத்தார் என்ற கதைக்குப் பிடிமானம் யிஜின் ஜிங் என்ற நூல்தான். அது 17ஆம் நூற்றாண்டில் வந்தது, அவர் காலமோ 5, 6ஆம் நூற்றாண்டு. நடுவில் ஆயிரம் வருடம் இடிக்கிறதே! ஷாவோலின் துறவிகள் 621இல் போரில் இறங்கியது உண்மை, அதை அங்கேயே 728இல் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கராத்தே ஒகினாவாத் தீவில் பிறந்தது. உள்ளூர் அடிமுறையும் சீனத்து அடிமுறையும் அங்கே கலந்தன. முன்பு அந்தப் பெயரையே "சீனக் கை" என்று பொருள் வரும் எழுத்தில் எழுதினார்கள், 1930களில்தான் அதே ஒலியுள்ள வேறு எழுத்தைப் போட்டு "வெறுங்கை" ஆக்கினார்கள். அப்புறம், நீங்கள் போடும் வெள்ளைச் சீருடையும் டான் என்ற கறுப்புப் பட்டைத் தரவரிசையும் ஜூடோவிடம் வாங்கிய இரவல். ஜூடோவை ஜிகோரோ கானோ ஆரம்பித்ததே 1882இல்தான், ஆக நாம் "பழமை" என்று நினைப்பதில் பாதி நம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சரக்கு.

தாளம்:
கபோய்ராவை விட்டுவிட்டீர்களே. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வளர்த்தது. ஆட்கள் வட்டமாக நின்று பாடுவார்கள், நடுவில் இருவர் மோதுவார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது பெரிம்பாவ். வில்லில் ஒற்றைக் கம்பி, அடியில் சுரைக்குடுக்கை, அவ்வளவுதான் வாத்தியம். அது மெதுவாக ஒலித்தால் தரையோடு ஊர்ந்து ஆடுவார்கள், வேகம் பிடித்தால் உதை பறக்கும். 1890இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். குதிரைப் போலீஸ் வந்தால் எச்சரிக்க, குளம்பொலி மாதிரியே ஒரு தாளம் வைத்திருந்தார்களாம். இதற்கும் ஷாவோலினுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்!

பழம்பாடல்:
மல்யுத்தத்துக்குப் போனால் "யார் முதல்" என்ற கேள்வியே நிற்காது. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில், சுமார் நாலாயிரம் வருடத்துக்கு முன்பே, வரிசை வரிசையாகப் பிடிகளை வரைந்திருக்கிறார்கள். எந்தக் கை யாருடையது என்று குழம்பாமல் இருக்க ஒருவருக்கு அடர்நிறம், மற்றவருக்கு வெளிர்நிறம். நம் பக்கம் புறநானூறு 80ஐப் பாருங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மடக்குகிறான், ஒரு கால் மார்பை அழுத்த, இன்னொரு கால் முதுகை வளைக்க, பசித்த யானை மூங்கிலை முறிக்கிற மாதிரி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு கை இரண்டு கால் உள்ளவனுக்கு இந்தப் பிடிகள் தானாகவே அகப்படும். பெருமைப்பட இந்தப் பாட்டு போதாதா, ஏன் ஷாவோலினை இழுக்க வேண்டும்?

வெண்பட்டை:
சரி, புரிந்தது. நாளைக்கே இதை மாஸ்டரிடம் கேட்டுவிடட்டுமா?

கம்புக்காரன்:
மஞ்சள் பட்டை கைக்கு வரட்டும், அப்புறம் கேளுங்கள்.