கைடு திருத்தி அனுப்புன ஃபைலை 23 நாளா திறக்கல, இது சோம்பேறித்தனமா?

மழைக்கால_வாசகி:
பிஎச்டி கடைசி வருஷம். நாலாவது சாப்டரை கைடு திருத்தி மெயில் பண்ணி இன்னையோட 23 நாள் ஆச்சு. டவுன்லோடு பண்ணி டெஸ்க்டாப்லயே வெச்சிருக்கேன், திறக்க மட்டும் முடியல. காலையில லேப்டாப் முன்னாடி உக்காந்து அந்த ஃபைல் மேல மவுஸை கொண்டு போறேன், நெஞ்சு அடைக்குற மாதிரி ஆகுது, எந்திரிச்சு போயி அஞ்சறைப்பெட்டிய கழுவி வெயில்ல காயவெச்சு கடுகு சீரகம் எல்லாம் திரும்ப நிரப்புறேன். நேத்து ஃப்ரிட்ஜ் முழுக்க தொடச்சேன். அம்மா சோம்பேறின்னு சொல்றாங்க, ஆனா நாள் முழுக்க ஏதோ ஒரு வேலை செஞ்சிட்டுதான் இருக்கேன். டைம்டேபிள் மூணு தடவ போட்டாச்சு, ஒண்ணும் நிக்கல. ஏன் இப்படி ஆகுது?

கவுன்சிலர்_அக்கா:
சோம்பேறித்தனம் இல்லம்மா. நீ தள்ளிப்போடுறது வேலைய இல்ல, அந்த ஃபைலை நெனச்சா வர்ற பயத்த. ஃபியூஷா சிர்வா, டிம் பிச்சில்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2013ல எழுதுன கட்டுரை இதைத்தான் சொல்லுது, தள்ளிப்போடுறதோட வேர் அந்த நேரத்து மனநிலைய சரிபண்ணிக்கிறதுல இருக்கு, நேர நிர்வாகத்துல இல்ல. பெட்டிய கழுவி முடிச்சதும் மனசு லேசாகுதுல்ல? அதுதான் கூலி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கூலி கெடைக்கிறதால மறுநாளும் மனசு அங்கயே ஓடுது, இதுக்கு டைம்டேபிள் போட்டு என்ன பிரயோஜனம் சொல்லு. ஆனா இந்த நிம்மதி நீடிக்காது. டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997ல காலேஜ் பசங்கள வெச்சு பாத்தப்போ, தள்ளிப்போடுறவங்க செமஸ்டர் ஆரம்பத்துல மத்தவங்கள விட நிம்மதியா இருந்தாங்க, கடைசில டென்ஷனும் உடம்புக்கு முடியாம போறதும் இவங்களுக்குத்தான் ஜாஸ்தி, மார்க்கும் கம்மி.

பழைய_ஸ்காலர்:
தங்கச்சி, நானும் இதே மாதிரி அஞ்சு வாரம் இருந்தேன். கைடு கண்ணுல படக்கூடாதுன்னு டிபார்ட்மென்ட் வராண்டா பக்கமே போகாம சைக்கிள் ஸ்டாண்டு வழியா சுத்தி லைப்ரரிக்கு போவேன், நாள் ஆக ஆக "இவ்ளோ நாள் என்ன பண்ணுனே"ங்கிற கேள்விக்குத்தான் பயம், திருத்தத்துக்கு இல்ல. கடைசில திறந்து பாத்தா 41 கமெண்ட், அதுல 26 ஒற்றுப்பிழையும் ரெஃபரன்ஸும்தான். முதல்ல உன்னையே திட்டிக்கிறத நிறுத்து. கனடாவுல கார்ல்டன் யுனிவர்சிட்டில முதல் வருஷ மாணவர்கள்கிட்ட ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க, முதல் பரீட்சைக்கு படிக்காம தள்ளிப்போட்டதுக்காக தன்னையே மன்னிச்சவங்கதான் அடுத்த பரீட்சைக்கு தள்ளிப்போடுறத கொறச்சாங்க. நாளைக்கு எதையும் திருத்தாத. காலைல காபி டம்ளரை கீழ வெச்சதும் ஃபைலை திற, எத்தனை கமெண்ட்னு எண்ணி ஒரு பேப்பர்ல எழுது, மூடிடு. அவ்ளோதான்.

நெல்லை_வாத்தியார்:
மன்னிக்கிறதெல்லாம் சரிதான், ஆனா எத்தனை நாள் ஆகும்னு மனசு சொல்ற கணக்க நம்பாதீங்க. 1994ல வந்த ஒரு ஆய்வுல தீசிஸ் எழுதுற மாணவர்கள் சராசரியா 34 நாள்ல முடிச்சிடுவோம்னு சொன்னாங்க, ஆனது 55 நாள். கைடுகிட்ட தேதி சொல்லும்போது இத மனசுல வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, இந்த ஃபைல் மட்டும்தான்னா பரவால்ல. தூக்கம் சாப்பாடு குளிக்கிறதுன்னு எல்லாமே தள்ளிப்போகுதுன்னா தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க, அது வேற விஷயம்.

மழைக்கால_வாசகி:
தூக்கம் சாப்பாடு எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், இது ஒண்ணுதான். இன்னைக்கு காலைல அண்ணா சொன்ன மாதிரியே காபி குடிச்சிட்டு திறந்தேன். 38 கமெண்ட். எண்ணிட்டு மூடணும்னுதான் இருந்தேன், ஆனா ஒம்பதாவது கண்ணுல பட்டுடுச்சு, சாம்பிள் ஏன் இவ்ளோ கம்மின்னு கேட்டிருக்காரு, நான் பயந்ததே அதுக்குத்தான். கை நடுங்குச்சு, ஆனா எந்திரிக்கல. அவர் நாளைக்கு 11 மணிக்கு ரூம்ல இருப்பாராம், போயி நேராவே கேட்டுட்டு வந்து சொல்றேன்.