மூன்று சிலிண்டர் எஞ்சினும் ஒரு ஞாயிறு காலையும்

மியூனிக்கில் வேலை பார்த்தபோது எங்கள் குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங்கில் வெள்ளை நிற பிஎம்டபிள்யூ ஐ8 ஒன்று நிற்கும். 2015 மாடல், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார். கீழ் வீட்டுப் பெரியவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தினமும் அதன் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே போவேன். அதைக் கவனித்திருப்பார் போல. ஒரு சனிக்கிழமை, "நாளைக் காலை ஒரு சுற்று போய் வரலாமா?" என்று அவரே கேட்டார்.

ஏறுவதே ஒரு வித்தை. கதவு மேல்நோக்கித் திறக்கும், பக்கவாட்டிலும் கொஞ்சம் இடம் கேட்கும். கார்பன் ஃபைபர் கூட்டின் விளிம்பு உயரமாகவும் அகலமாகவும் இருப்பதால், முதலில் அதன்மேல் உட்கார்ந்து அப்புறம் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளப்பினார். சத்தமே இல்லை! ஞாயிறு காலை ஆறரை மணி, தெருவே தூங்குகிறது. இவ்வளவு தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சைக்கிள் போல நழுவிப் போகிறது. முன் சக்கரங்களில் 131 குதிரைத்திறன் மின் மோட்டார். நகருக்குள் அது மட்டும்தான் வேலை செய்தது. பாட்டரியில் மட்டும் ஓட்டினால் சுமார் 25 கிலோமீட்டர் கிடைக்கும் என்றார்.

கார்மிஷ் பக்கம் போகும் ஏ95 நெடுஞ்சாலையில் ஏறியதும் கியர் லீவரை இடப்பக்கம் தள்ளி ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினார். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் விழித்துக்கொண்டது. 1.5 லிட்டர், மூன்றே சிலிண்டர், கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ. மினி கூப்பரில் இருக்கும் அதே எஞ்சின் குடும்பம்தான், ஆனால் இங்கே 231 குதிரைத்திறன் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் 362; நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொட்டுவிடும். முன் மோட்டாருக்கும் பின் எஞ்சினுக்கும் நடுவே இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் (சுழல்தண்டு) கிடையாது. சீட்டுகளுக்கு இடையே நீளமாகப் படுத்திருப்பது பாட்டரி.

மூன்று சிலிண்டர் வண்டியெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அன்றைக்கு 100-லிருந்து 180-க்குப் போன அந்தச் சில நொடிகளில் அது போய்விட்டது. டர்போ மூச்சுப் பிடிப்பதற்குள் மோட்டார் முன்னாலிருந்து இழுக்கிறது. அப்புறம் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. கை மாறும் இடம் எனக்குத் தெரியவே இல்லை. உறுமலில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருவதுதான், அவரே சொன்னார். அது தெரிந்தும் எனக்குப் புல்லரித்தது. எதிரே ஆல்ப்ஸ் மலை வேறு தெளிவாகத் தெரிந்தது.

முன் டயரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 195 மில்லிமீட்டர் அகலம்தான். உருளும்போது இழுவை குறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஒல்லியாகப் போட்டிருக்கிறார்கள். வேகமான வளைவுகளில் அகலமான டயர் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்போர்ட் மோடில் எஞ்சினே பாட்டரியை நிரப்பிவிடும் என்பதால் திரும்பி வரும்போது போதுமான சார்ஜ் இருந்தது. எங்கள் தெரு முனையில் மறுபடி மின்சாரத்துக்கு மாற்றினார். நாயோடு நடந்துகொண்டிருந்த பாட்டி நாங்கள் கடந்து போன பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.