சூடானா ஸ்டார்ட் ஆகாத 1210: டீசல் பம்பை இறக்கணுமா?

மலைலோடு:
வணக்கமுங்க. அப்பா 1989ல எடுத்த டாடா 1210 லாரி, ஆறு சிலிண்டர், எஞ்சினுக்கு டீசல் அடிக்கிறது மைக்கோ இன்லைன் பம்பு. கொல்லிமலைக்கு சிமெண்ட் ஏத்திட்டுப் போய், வரும்போது சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு இறக்குறோம். காலையில செல்ஃபைத் தொட்டதும் பிடிச்சுக்குது. ஓடி வந்து எடை மேடையில நிறுத்துனா அவ்வளவுதான், பேட்டரி இறங்குற வரைக்கும் அடிச்சாலும் பிடிக்க மாட்டேங்குது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மலையில 70 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டுறதுக்குள்ள இழுவையும் குறைஞ்சிருது.

உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் பம்பு சீலை உடைச்சு டீசல் அளவைக் கூட்டுற மேக்ஸிமம் ஸ்க்ரூவைத் திருகி விட்டாருங்க. கரும்புகைதான் கூடுச்சு. நேத்து பம்பு டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தா ஆயில் மேல் கோட்டுக்கு ரெண்டு விரற்கடை மேல நிக்குது, தண்ணியாட்டம் இருக்குது. ஆயிலே ஊத்தாம எப்படிங்க கூடும்? பழைய பம்பு ஒண்ணு வாங்கி மாட்டிரலாமான்னு அப்பா கேக்குறார்.

ராத்திரிஓட்டம்:
தம்பி, மொதல்ல ஏர் வாங்குதான்னு பாருங்க. டேங்குல இருந்து டீசலை இழுக்குற சின்ன ஃபீட் பம்புக்கு வர்ற லைன்ல கண்ணுக்குத் தெரியுற பிளாஸ்டிக் ட்யூப் ஒரு முழம் போட்டு ஓட்டுங்க. குமிழி வந்தா வாஷர் இல்லேன்னா பைப்புல ஓட்டை. எனக்கு ஒருதடவை டீசல் பைப்பைச் சேர்க்குற பேஞ்சோ போல்ட்டோட செம்பு வாஷர் ரெண்டு மாத்துனதுலயே சரியாப் போச்சு.

பம்புக்கடை:
ராத்திரிஓட்டம் சொன்னதைக் கண்டிப்பாப் பார்த்துருங்க, செலவே இல்லாத வேலை. ஆனா ஏர் வாங்குற வண்டி பெரும்பாலும் காலையிலதான் அடம் பிடிக்கும். ராத்திரி முழுக்க நின்னதுல டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கும். உங்களுது சூட்டுல மட்டும் படுத்துக்குது. அதோட ஆயிலும் ஏறியிருக்குது. எனக்கு எலிமென்ட் மேலதான் சந்தேகம்.

எலிமென்ட்டுங்கிறது பம்புக்குள்ள டீசலை அமுக்குற பிளஞ்சர் தண்டும், அது ஏறி இறங்குற பேரல் குழலும். ரெண்டுக்கும் நடுவுல 2ல இருந்து 4 மைக்ரான்தான் இடைவெளி. தேய்ஞ்சு அது கூடுனா, சூட்டுல இளகின டீசல், சிலிண்டர்ல பீய்ச்சுற நாஸிலுக்குப் போகாம பக்கவாட்டுல கீழ வழியும். வண்டி ஓடும்போது பிளஞ்சர் வேகமா அடிக்கிறதால வழியறதுக்கு நேரம் பத்தாது, ஓடிக்கிட்டே இருக்கும். செல்ஃப் சுத்துற வேகத்துல மெதுவா ஏறும், அப்பத்தான் வழிஞ்சு போகும். வழிஞ்ச டீசல்தான் உங்க பம்பு ஆயில்ல கலந்திருக்குது. அதை உடனே மாத்துங்க. அப்படியே ஓட்டுனா பிளஞ்சரைத் தள்ளுற கேம், ரோலர் டாப்பெட் எல்லாம் போயிரும்.

பம்பை இறக்குறதுக்கு முன்னால ரெண்டு சோதனை. சூட்டுல ஸ்டார்ட் ஆகாதப்ப பம்பு மேல ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிசம் விடுங்க. பிடிச்சுக்கிச்சுன்னா எலிமென்ட் தேய்மானம்னு வெச்சுக்கலாம். வாளித் தண்ணியை ஊத்திராதீங்க, திடீர்னு குளிர்ந்தா உள்ள இறுகிக்கும். ரெண்டாவது, ஃபீட் பம்பைக் கழட்டி அதைத் தள்ளுற ஸ்பிண்டில் தண்டு பக்கம் டீசல் கசியுதான்னு பாருங்க. ஆயில் ஏறுறதுக்கு அதுவும் ஒரு வழி. இதைப் பார்க்காமலே ஆறு எலிமென்ட்டையும் மாத்தி, திரும்பவும் ஆயில் ஏறி வந்த வண்டிங்க எங்க கடைக்கே நிறைய வந்திருக்குது.

இறக்கும்போது ஒண்ணாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டு வந்து, ஃப்ளைவீல் குறியைச் சேர்த்து, பம்பை எஞ்சினோட சேர்க்குற கப்ளிங்ல உளியால ஒரு கோடு போட்டுக்குங்க, திரும்ப மாட்டும்போது அதே இடத்துல சேரணும்.

கடையில பிரிக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. பிளஞ்சரை நல்ல டீசல்ல அலசி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா, கண்ணாடியாட்டம் இருக்க வேண்டிய இடத்துல, மேல்விளிம்பு ஓரமா, பால் தெளிச்ச மாதிரி மங்கலா ஒரு தழும்பு தெரியும். அதுதான் தேய்மானம். ஒரு பேரல் பிளஞ்சர் இன்னொண்ணுக்குச் சேராது, ஜோடி மாறிராமப் பார்த்துக்குங்க. வேஸ்ட் நூல்ல துடைக்க விடாதீங்க.

திருகுன ஸ்க்ரூவை நீங்களா பழைய இடத்துக்குக் கொண்டு போக முடியாது. டெஸ்ட் பெஞ்சுல ஏத்தி ஆறு கண்ணாடிக் குழாயிலயும் டீசல் ஒரே மட்டத்துக்கு நிக்கணும். ஒரு எலிமென்ட் அடிச்சு அடுத்தது அடிக்கிறதுக்குள்ள பம்பு ஷாஃப்ட் 60 டிகிரி சுத்தணும், அரை டிகிரி தப்புனாலே அதிகம். நாஸில் ஆறையும் கூடவே கொண்டு போங்க, அதைப் பார்க்காமப் பம்பை மட்டும் சரி பண்றது அரை வேலை. டெஸ்ட் பண்ணும்போது பீய்ச்சுற இடத்துல கையை நீட்டிராதீங்க, தோலைத் துளைச்சு உள்ள போயிரும். பழைய பம்பு வாங்காதீங்க. அதுக்குள்ள எலிமென்ட் என்ன கதியில இருக்குதுன்னு பிரிக்காமத் தெரியாது, உங்க பம்பை உங்களுக்கு நல்லாத் தெரியும்.

மலைலோடு:
அண்ணா, ஈரத்துணியில ஏழாவது நிமிசமே பிடிச்சுருச்சுங்க. ஃபீட் பம்பு ஸ்பிண்டில்லயும் லேசாக் கசிவு இருந்துச்சு. போன வாரம் நாமக்கல்ல கொடுத்துப் பிரிச்சாச்சு. நாலு பிளஞ்சர்ல நீங்க சொன்ன தழும்பு, மூணாவது பிளஞ்சர்ல தண்ணி இறங்குன துரு. ஃபில்டர் மாத்தாம விட்டதுக்கு அப்பா ரொம்ப வருத்தப்பட்டார். ஆறு எலிமென்ட்டும் டெலிவரி வால்வும் புதுசு, நாஸில் ரெண்டு புதுசு.

மாட்டும்போது டெலிவரி வால்வைக் கழட்டி வளைஞ்ச பைப்பு போட்டு, பம்பு டீசல் அடிக்க ஆரம்பிக்கிற டைமிங் பார்த்தாங்க. பிளைவீலை இம்மியிம்மியாத் திருப்பத் திருப்ப, ஒழுகிக்கிட்டிருந்த டீசல் சொட்டாகி, ஒரு சொட்டு பைப்பு நுனியிலயே தொங்கி நின்னுச்சு பாருங்க, எல்லாரும் மூச்சை அடக்கிட்டு நின்னோம். கப்ளிங் கோடும் சரியாச் சேர்ந்துச்சு. நேத்து சிமெண்ட் லோடோட மேல போய் வந்தேன். எடை மேடையில நிறுத்தி உடனே சாவியைப் போட்டேன், பிடிச்சுக்குச்சுங்க. பம்பு ஆயிலும் கோட்டுலயே நிக்குது.