பார்மகோடைனமிக்ஸ் பாடத்துக்கு எந்தப் புத்தகம் வைக்கலாம்?

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். இங்கே ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அடுத்த செமஸ்டரில் எம்.பார்ம் மாணவர்களுக்கு பார்மகோடைனமிக்ஸ் (மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) நடத்த வேண்டும். முதன்மைப் புத்தகமாக எதை வைப்பது என்று குழப்பமாக இருக்கிறது.

திரிபாதியின் மருந்தியல் புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கிறது, பரீட்சைக்கும் கைகொடுக்கும். ஆனால் ரிசெப்டார் (உடலில் மருந்து போய் ஒட்டும் இடம்) கணக்குகள் எனக்கு வேண்டிய அளவு அதில் இல்லை. குட்மன் கில்மன் 1941 முதல் வரும் பெரிய நூல். அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ராங் அண்டு டேல் மருந்தியல் நூலின் தொடக்க அத்தியாயங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உதாரணமாக, மார்ஃபினோடு அதைத் தடுக்கும் நலாக்ஸோன் சேர்ந்தால் டோஸ்-ரெஸ்பான்ஸ் கோடு (மருந்தின் அளவுக்கு ஏற்ப விளைவு மாறுவதைக் காட்டும் கோடு) வலப்பக்கம் நகரும். மார்ஃபினைக் கூட்டினால் பழைய உச்சத்தைத் தொட்டுவிடலாம். ஆனால் பீனாக்ஸிபென்ஸமீன் என்ற தடுப்பு மருந்து ரிசெப்டாரைப் பிடித்தால் விடாது. அது போதிய அளவு இருந்தால், அதே ரிசெப்டாரில் வேலை செய்யும் நாரட்ரினலினை எவ்வளவு கூட்டினாலும் உச்சம் தாழ்ந்தே நிற்கும். பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கிராஃப் தாளைக் கொடுத்து வரையச் சொன்னால் பென்சில் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் இசி50 (உச்ச விளைவில் பாதியைத் தரும் மருந்துச் செறிவு), ஷில்ட் ப்ளாட் (தடுப்பு மருந்தின் வலிமையைக் கணக்கிடும் வரைபடம்) போன்றவற்றுக்குப் பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் உள்ள புத்தகம்தான் தேவை.

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள், நடத்துபவர்கள் சொல்லுங்கள். அப்புறம், அவென்யூ ரோட்டில் பழைய பதிப்புகள் மலிவாகக் கிடைக்கும் அல்லவா, இந்தப் பகுதிக்கு மட்டும் அவை போதுமா? சொந்தமாகத் தயாரித்த கணக்குத் தாள்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். புத்தகப் பட்டியலை விரைவில் கொடுத்தாக வேண்டும்.