ஃபைனல் இயர் டீம் மென்டரிங்: மெஸ் மாஸ்டர் கேட்ட கேள்வி

நான் கோயம்புத்தூர்ல ஐடி வேலை பாக்கறேன், சனிக்கிழமைல நான் படிச்ச காலேஜுக்கே போய் ஃபைனல் இயர் டீமுக்கு மென்டரா உக்காருவேன். கோட் எல்லாம் வாட்ஸ்அப்ல ஃபைனல், ஃபைனல் டூ, ரியல் ஃபைனல்னு ஜிப் ஃபைலா பறக்கும். யாரு எந்த கோட மாத்தினாங்கன்னு கணக்கு வச்சுக்கற கிட் (Git) யூஸ் பண்ணுங்கடான்னா, அனுப்பவே தேவையில்லாத நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டரோட தூக்கி புஷ் பண்ணுவானுங்க, ரெண்டு பேர் ஒரே எடத்த மாத்தி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தா ஃபோல்டரயே டெலீட் பண்ணிட்டு திரும்ப க்ளோன். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னலுக்கு உலகம் பூரா இருந்து கோட் அனுப்பறவங்களுக்காக 2005ல எழுதின டூல் அது, நம்ம நாலு பசங்கள சமாளிக்க மாட்டேங்குது.

அதெல்லாம் ரெண்டு வாரத்துல பழகிடும், விடுங்க. நான் சொல்ல வந்தது போன பேட்ச் டீம் பத்தி. ஹாஸ்டல் மெஸ்ல சாப்பாடு வேஸ்ட் ஆகறத மெஷின் லேர்னிங் வச்சு குறைக்கறோம்னு டைட்டில் குடுத்து முதல் ரிவியூவும் முடிச்சுட்டாங்க. டேட்டா எங்கடான்னா கேகிள்ங்கற டேட்டா சைட்ல இருந்து ஏதோ வெளிநாட்டு ரெஸ்டாரண்ட் டேட்டாவாம், ஸ்லைடுல அக்யூரசி 97%. எத்தன பேர் சாப்பிடுவாங்கன்னு நம்பர் சொல்ற மாடலுக்கு அக்யூரசி பர்சன்டேஜ் எப்படிம்மா வந்துச்சு, எத்தன தட்டு தப்பாச்சுன்னு தானே சொல்லணும்னு கேட்டேன், நாலு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறாங்க.

சரி, மெஸ் மாஸ்டர்கிட்ட பேசினீங்களான்னேன். இல்லண்ணா. அதே ஹாஸ்டல்ல மூணு வருசமா சாப்பிடறவங்க!

கூட்டிட்டுப் போனேன். அவரு அரிசி களஞ்சுட்டே எல்லாம் கேட்டுட்டு, "ஏந்தம்பி, வெள்ளிக்கெழம சாயங்காலம் பாதி ஹாஸ்டல் ஊருக்கு பஸ் ஏறிருது, எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் வெளில பிரியாணி திங்கப் போயிருவாங்க, இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு? யாரு வரமாட்டாங்கன்னு மத்தியானத்துக்குள்ள சொன்னா போதும், ஒல வைக்கறதுக்கு முன்னாடி தெரியணும்"னாரு. அவ்ளோதான் ரிக்வயர்மென்ட், அதுல டெட்லைன் உட்பட எல்லாம் இருக்கு.

மாடல தூக்கிட்டு ஒரே ஒரு பட்டன் இருக்கற ஸ்க்ரீன் செஞ்சாங்க, "இன்னிக்கு நைட் வரல". பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் மாஸ்டர் ஃபோனுக்கு எஸ்எம்எஸ்ஸா போயிடும், ஏன்னா அவருது பட்டன் ஃபோன். இத கண்டுபிடிச்சது கோடிங் வராதுன்னு டாக்குமென்டேஷன்ல தள்ளி விட்ட பொண்ணு, அவதான் தினமும் போய் அவர்கிட்ட பேசிட்டு வந்தா. எனக்கென்னவோ டீம்ல எஞ்சினியர் வேலை பாத்தது அவ ஒருத்திதான்னு படுது.

வைவால எக்ஸ்டர்னல், ஏஐ எங்கம்மான்னு கேட்டாரு. "தேவப்படல சார்"னு அந்தப் பொண்ணு சொன்னா. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு எஸ்எம்எஸ் செலவு யாரு குடுக்கறாங்கன்னாரு, அதுக்கும் கணக்கு வச்சிருந்தா. மார்க் நல்லாவே வந்துச்சு.

பைண்ட் பண்ண ரிப்போர்ட்ல மட்டும் டைட்டில் இன்னும் மெஷின் லேர்னிங்னு தான் இருக்கு, ரிவியூ ஒன்னுக்கு அப்புறம் மாத்தக் கூடாதாம்.