பழைய எஸ்எஸ்டியைப் புதிய மடிக்கணினியில் பொருத்தலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய மடிக்கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. சரிசெய்யச் சொன்ன தொகையைக் கேட்டதும் புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டேன். பழையதில் இரண்டு டிஸ்க்குகள்: விண்டோஸ் இருக்கும் 256 ஜிபி எம்.2 சாட்டா எஸ்எஸ்டி (சிப்களில் சேமிக்கும் டிஸ்க்; எம்.2 என்பது அதன் சிறு பட்டை வடிவம், சாட்டா என்பது பழைய இணைப்பு முறை), குடும்பப் படங்கள் நிறைந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

புதியதில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடமே இல்லை. அதை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி உறை போதும், கவலையில்லை. குழப்பமெல்லாம் எஸ்எஸ்டியில்தான். காலியாக ஓர் எம்.2 ஸ்லாட் இருக்கிறது. ஆனால் கையேட்டில் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான புதிய இணைப்பு முறை) மட்டும் என்று போட்டிருக்கிறது. என் எஸ்எஸ்டியின் இணைப்பு முனையில் இரண்டு வெட்டுகள் இருப்பதால் அதில் சமர்த்தாக உட்காரும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது என்பது சரிதானே? உறை கேட்டால் கடைகளில் என்விஎம்இ உறையையே நீட்டுகிறார்கள். இரண்டு வகையையும் ஏற்கும் உறையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? அதிகம் சூடாகிறதா?

இன்னொன்று, அந்த எஸ்எஸ்டியில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருக்கிறது. பூட்டின் சாவி பழைய மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருப்பதால் வேறு கணினியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. புதிய கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம் பதிப்பு. அதிலேயே திறந்து கோப்புகளை எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.