புதுப்பிப்பு: படகு எண் எழுத்தின் அளவு, ஒரு திருத்தம்

முந்தைய பதிவில் 18 மீட்டர் நீள மீன்பிடிப் படகில் எழுதும் அடையாள எண்ணுக்கு எழுத்து உயரம் 40 செ.மீ. என்று போட்டிருந்தேன். தவறு. எஃப்ஏஓ (ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு) தரக்குறிப்பின்படி 40 செ.மீ. என்பது 12 முதல் 15 மீட்டர் வரைக்கும்தான். 15-20 மீட்டருக்கு 60, 20-25க்கு 80, 25ஐத் தொட்டால் ஒரு மீட்டர்.

60 செ.மீ. என்றால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். எழுத்துக் கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 செ.மீ. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைவெளி 10 முதல் 15 செ.மீ. வரை. ஏ, வி மாதிரி சாய்ந்த எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் 6 முதல் 7.5 போதும், இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். இடைக்கோடு 30 செ.மீ. நீளம். பின்னணி நிறம் எழுத்தைச் சுற்றி 10 செ.மீ. வெளியே போகணும். கறுப்பில் வெள்ளை, அல்லது வெள்ளையில் கறுப்பு.

எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே எழுதினால் எண்ணெய்க்கறை இறங்கி 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் கட்டித் தொங்கவிடும் டயர் உரசும் இடமும் வேண்டாம். தொங்கும் வலை மறைக்கவும் கூடாது.

மேல்தளத்தில் எழுதும் எண்ணுக்கு உயரம் குறைந்தது 30 செ.மீ., குறுக்குவாட்டில், எழுத்தின் தலை அணியம் (படகின் முன்பக்கம்) பார்த்து. தார்ப்பாய் விரித்தால் அதன் மேலும் எண் வேண்டும். இதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை!

வலை, மிதவை அடையாளத்துக்கு 2018இல் ஏற்கப்பட்ட தனி வழிகாட்டுதல்கள் உண்டு. இந்த அளவுகளை அங்கே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.